தனித்து அச்சேறும் கவிகள்

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகள் (வயல்வெளிகள்) வரை, இரவுக் காவலுக்குப் பரணில் ஏறியவர்கள் பாடிய நாலடிக் கவிகள் மட்டக்களப்புக்கே பேர் வாங்கித் தந்தவை. தமிழரும் முஸ்லிம்களும் பாடியவை. பண்டிதர் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) நாட்டுப் பாடல்களை ஊர் வழக்காறுகளின் நடுவே வைத்துப் பேசியது. கவிஞர் அனார் தொகுத்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ (2013) காதல் பாடல்களைத் தனி நூலாக்கியது. இப்படிப் பிரித்தெடுத்து அச்சிடுவதால் கவிக்கு இலக்கிய மதிப்புக் கூடியது மெய். முன்னிரண்டு அடியில் வயலோ பறவையோ, பின்னிரண்டில் மனத்தாங்கல். இரண்டையும் ‘போல’ என்ற சொல்கூட இல்லாமல் அருகருகே நிறுத்தும் நுட்பம் இழுத்துப் பாடும்போது காதில் நழுவிவிடும், தாளில்தான் பிடிபடும்.

ஆனால் கவி பெரும்பாலும் பாதிப் பேச்சு. மச்சான் எடுத்துவிட்டால் மச்சி மறுகவி சொல்ல வேண்டும். மறுமொழியை அறுத்துவிட்டு ஒன்றை மட்டும் அச்சிட்டால் கேலி புலம்பலாகிவிடுகிறது. மச்சான் என்பதே வெறும் கொஞ்சல் விளியல்ல, மணம் கேட்கும் முறைமை உள்ளவனின் பெயர். வீடும் வளவும் பெண்வழி போகும் மட்டக்களப்பில் ஒரு பெண்ணை மறுப்பது சொத்தையும் மறுப்பதாகும். காதல் என்ற ஒற்றை அரிதட்டில் இந்த வழக்கெல்லாம் கீழே கொட்டிப்போகிறது. நிலக்காரரான போடியாரிடம் கூலிக்கு நின்றவனின் இல்லாமையும் அதோடு போகிறது.

அச்சேறாவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது என்பார்கள். சூடடிக்க இயந்திரம் வந்தபின் களவெட்டியில், அதாவது நெற்களத்தில், பொலிப்பாட்டு ஓய்ந்ததைப் பார்த்தால் அது நியாயமான வாதம்தான். ஆனால் அச்சு காப்பாற்றும்போதே மாற்றியும் விடும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. 1890இல் பதிப்பாளர்கள் தலைப்பிட்டும் நிறுத்தக்குறிகளை மாற்றியும் வெளியிட்டார்கள். அந்த வடிவில்தான் முதல் வாசகர்கள் அவரை அறிந்தார்கள். 1955இல் பதிப்பாசிரியர் தாமஸ் ஜான்சன் மூலத்துக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம், டிக்கின்சனின் கையெழுத்துப் பிரதிகள் பத்திரமாக இருந்ததுதான். கவிக்குக் கையெழுத்துப் பிரதி ஏது? தொகுப்பவர் குறிக்காமல் விட்டதைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

குறிப்புச் சேர்த்தால் கவிதை ஆய்வேடாகிவிடும் என்ற அச்சத்துக்குக் குறுந்தொகையே பதில். அதன் பாட்டுகளோடு யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்ற கூற்றுக்குறிப்பு ஒட்டியே வருகிறது. அதனால் எந்தப் பாட்டும் கனத்துப்போகவில்லை. அந்தக் குறிப்புகளில் சில பின்னால் வந்தவர்களின் ஊகமாகவும் இருக்கலாம். கவி தொகுப்பவருக்கு ஊகிக்கும் தேவையில்லை. பாடுபவரிடமே கேட்டு ஒருவரி எழுதிக்கொள்ளலாம், மறுகவியையும் சேர்த்து.