எண்ணாமல் விட்ட ஒருவர்

சிறு வயதில் நான் விரும்பிப் படித்த நூல் ‘பரமார்த்த குருவின் கதை’. நடுவயதில் என்னை ஆட்கொண்ட நூல் ‘தேம்பாவணி’. இரண்டையும் இயற்றியவர் வீரமாமுனிவரே (1680–1747) என்று பள்ளியிலேயே படித்திருந்தேன். ஆயினும், அவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் குருவும் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் அறுவர் ஐவராகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் முதுகில் அடித்து எண்ணவைத்த பின்னரே கணக்கு நேராகிறது. பேச்சுவழக்கை ஒட்டிய எளிய உரைநடை அது. சிறுவனாகிய நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

1726இல் நிறைவுற்ற தேம்பாவணியோ 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் புனித சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் ஆணை வருகிறது. எழுந்து அதன்படி செய்கிறார், அவ்வளவே. பேசாத அந்த மனிதருக்கே முனிவர் இத்தனை பாடல்களைச் சூட்டினார். ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வருணனை வெள்ளத்தில் நாசரேத்தூர்த் தச்சர் சில இடங்களில் நம் கண்ணுக்கு மறைந்துபோகிறார். காப்பிய மரபுக்கு முனிவர் செலுத்திய கடன் அது என்றே கொள்கிறேன்.

சீடர்களும் தங்களை எண்ணவில்லை. சூசையப்பரும் தம்மை எண்ணவில்லை. முன்னது அறியாமை, பின்னது அருள்வாழ்வு. இவ்வேறுபாடு புலப்பட்டபோது என் பழைய சிரிப்பு எனக்கே சுட்டது. மறையுரை கேட்கும்போதெல்லாம், ‘இது இன்னாருக்குப் பொருந்தும்’ என்று அக்கம்பக்கத்தாரை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். குறைகளின் கணக்கில் என்னை விட்டுவிடுவேன். நன்றி பெறும் கணக்கிலோ என் பெயர் முதலில் நிற்க வேண்டும். சூசையப்பரின் கணக்கு இதற்கு நேர்மாறானது.

இப்போது என் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆற்றங்கரைக் கதையைப் படித்துக் காட்டுகிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால், வழிப்போக்கனின் கோல் வரும் இடத்தில் என் முதுகையும் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.