கத்தரி படாத வெட்சி

இட்லிப்பூ என்று பிள்ளைகள் கூப்பிடும் செடிதான், ஆநிரை கவரப் புறப்பட்ட மறவர் சூடிய வெட்சி. தொல்காப்பியம் வெட்சித் திணையைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே படும். மலையடிவாரத்துப் புதர்க்காட்டில் பச்சைக்கு நடுவே திடீரென்று தெரியும் அந்தச் சிவப்பை ஒருமுறை பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். ஊசிமுனை மொட்டுகள், அவற்றுக்கிடையே நான்கு இதழ் விரித்த பூக்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நூல்போல நீண்ட குழல். தேன் அந்தக் குழலின் அடியில் இருக்கிறது. அதனால்தான் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் இந்தச் செடியை விடுவதில்லை. பூவை உருவி அடியை உறிஞ்சும் பிள்ளைகளுக்கும் அந்த ரகசியம் தெரியும்.

வளர்ப்பது எளிது, மண் மட்டும் ஒத்துப்போக வேண்டும். மழைக்காலத்தில் பென்சில் பருமனில், இரண்டு மூன்று கணு உள்ள குச்சியை நிழலில் ஊன்றினால் வேர்பிடிக்கும். கேரளத்துச் செம்பாறை மண்ணின் புளிப்பில் தழைக்கிற செடி இது. சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. மக்கிய இலையுரமும், அளவாகக் கொஞ்சம் அன்னபேதியும் போட்டால் தேறும்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. வெட்சியை வேலியாக நட்டு, மாதாமாதம் கத்தரித்துச் சுவர்போல ஆக்குவது. இது கிளையின் நுனியில் பூக்கும் செடி. நுனியை வெட்டினால் பூவையே வெட்டுகிறோம். வாடிய கொத்தை மட்டும் அதன் அடியில் கிள்ளிவிட்டால் போதும், பக்கக் கிளைகள் வெடித்து ஒவ்வொன்றும் ஒரு கொத்து தரும்.

மலையாளிகள் இதைத் தெச்சி, செத்தி என்பார்கள். கோயில் பூசைக்குப் பறித்தது போக, பூவைத் தேங்காயெண்ணெயில் இளந்தீயில் காய்ச்சிக் குழந்தைகளின் தோலுக்குப் பூசுவார்கள். வேரை வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது பழைய வழக்கம். அது வைத்தியர் பார்த்துத் தரவேண்டிய மருந்து.

புதரின் ஒரு பக்கத்தையாவது கிள்ளாமல் விட்டுவிடுங்கள். பூ உதிர்ந்த இடத்தில் சிறு காய் பிடித்துச் சிவந்து, பிறகு கறுக்கும். அந்தப் பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். அது அமர்ந்துபோன மரத்தடியில், அடுத்த மழைக்கு நாம் ஊன்றாத ஒரு வெட்சி தலைகாட்டும்.