மூத்தவரின் பொறுமை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் குப்பங்களைக் கொண்ட கடலோரத்தில், மனசு உடைந்தவர்களிடம் பேச உள்ளூர்த் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். தமிழகக் கரையில் இத்தகைய தொண்டர்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் பயிற்சி தந்தது. அத்தகைய பயிற்சியில் என்னை மிகவும் ஈர்ப்பது, வீடுவீடாகப் போய்வந்தவர் மூத்த ஆலோசகரோடு உட்காரும் அந்த நேரம்தான்.

நல்ல மூத்தவர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். தொண்டர் நோட்டில் எழுதியதை மெதுவாக வாசிக்கச் சொல்வார், ஓரிடத்தில் நிறுத்துவார். "அந்த அம்மா அழ ஆரம்பிச்சதும் நீ ஏம்மா தண்ணி எடுக்க எழுந்திரிச்ச?" குரலில் துளியும் குத்தல் இருக்காது. ஃபேன் சத்தத்தை மட்டும் கேட்டபடி காத்திருப்பார். "என்னால தாங்க முடியல சார்" என்று கடைசியில் வரும். தலையசைப்பார். அதற்கப்புறம்தான், அடுத்த வாரம் அந்த வீட்டில் எங்கே உட்காருவது, என்ன கேட்கலாம் என்ற பேச்சே.