மரபுகள் மோதிய களம்

எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புக் கலையின் பழைய ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் 1990களுக்குப் போய்விடும். இன்றைய வீரர்கள் அன்றையவர்களைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்கள் என்பதை இருவருமே ஒப்புக்கொள்வார்கள். அப்படியும் அவர்கள் மனம் அந்த மங்கலான வீடியோ கேசட்டுகளையே சுற்றிவரும். இதை ரத்தவெறி என்று எண்ணுபவர்கள் உண்டு. அந்த ரசிகர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் அந்த எண்ணம் மாறிவிடும். அன்று களத்தில் இறங்கிய ஒவ்வொருவரும் தம் ஆசானையும், ஆசானுக்கு ஆசானையும் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ஒருவர் தோற்றால் ஒரு மரபே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரசிகர்கள் ஏங்குவது அந்தப் பொறுப்புக்காகத்தான். அந்த மரபுகளையும், அவை தம்மை அளந்துகொண்ட அளவுகோல்களையும் இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

டென்வரில் ஓர் இரவு

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தது. எட்டு வீரர்கள், எண்கோணக் கூண்டு, ஒரே இரவில் நாக் அவுட் முறை, வெல்பவருக்கு 50,000 டாலர். எடைப் பிரிவு கிடையாது. புள்ளி போட நடுவர் குழுவும் கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது என்பது போல விரல்விட்டு எண்ணக்கூடிய தடைகளே இருந்தன.

குத்துச்சண்டை பெரிதா, கராத்தே பெரிதா, மல்யுத்தம் பெரிதா என்று உலகம் முழுக்கச் சிறுவர்கள் வாய்ச்சண்டை போட்டுவந்த கேள்வி அன்றிரவு மேடையேறியது. முதல் மோதலிலேயே 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள சுமோ வீரர் டெய்லா டூலியை, நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோ அரை நிமிடத்துக்குள் முகத்தில் உதைத்து வெளியேற்றினார். குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்து வந்தார். அவரையும், கென் ஷாம்ராக்கையும், இறுதியில் கோர்டோவையும் அடக்கி வென்றவர், சுமார் 80 கிலோ எடையும் ஒல்லியான உடலும் கொண்ட பிரேசில் இளைஞர் ராய்ஸ் கிரேசி. அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த இரண்டாம் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டார்கள். ராய்ஸ் ஒரே இரவில் நான்கு பேரை வென்றார்.

பிரேசில்: தரையில் பிறந்த கல்வி

ராய்ஸின் வெற்றி திடீரென வந்ததல்ல. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மாயேடா பிரேசிலின் பெலெம் நகரில் தங்கிக் கற்பித்தபோது அவரிடம் பயின்றவர் கார்லோஸ் கிரேசி. அவரும் அவருடைய தம்பி ஹெலியோவும் அந்தக் கலையை மெலிந்த உடலுக்கும் பொருந்தும்படி செதுக்கி, பிரேசிலிய ஜியு-ஜிட்சுவாக வளர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம் என்று பகிரங்கமாக அறைகூவல் விடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவிடம் ஹெலியோ தோற்றார். அந்தத் தோல்வியையும் அவர்கள் மறைக்கவில்லை. கிமுரா பூட்டிய அந்தக் கைப்பூட்டுக்கு அவர் பெயரையே வைத்துத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதே ரியோவில் மேலங்கி இல்லாமல் மல்லுக்கட்டும் லூட்டா லீவ்ரே மரபும் இருந்தது. இரண்டு தரப்புக்கும் ஆகவே ஆகாது. கடற்கரையிலும் அரங்கிலும் மோதிக்கொண்டார்கள். தெற்கே குரிட்டிபா நகரில் ஷூட் பாக்ஸ் பாசறை தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாயை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. வாண்டர்லே சில்வா, மவுரிசியோ ஷோகன் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். முன்னேறிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் பாசறையின் பாடம்.

ஜியு-ஜிட்சுவின் உச்சத்தைப் பார்க்க விரும்புபவர் 1994 டிசம்பரில் டல்சா நகரில் நடந்த நான்காம் யு.எஃப்.சி.யின் இறுதிச் சண்டையைப் பார்க்க வேண்டும். எதிரே டான் செவர்ன். ராய்ஸைவிட முப்பது கிலோவுக்கு மேல் எடை கூடிய மல்யுத்த வீரர். எடுத்த எடுப்பில் ராய்ஸைத் தரையில் சாய்த்து, கூண்டுக் கம்பியோடு ஒட்டி அழுத்திவிட்டார். பத்து நிமிடம் கடந்தும் ராய்ஸ் அடியிலேயே கிடந்தார். மேலே இருப்பவர்தான் வெல்கிறார் என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அப்போது ராய்ஸின் ஒரு கால் மெல்ல செவர்னின் கழுத்துக்குப் பின்னால் ஏறியது. மறு காலின் முழங்கால் மடிப்பு அந்தக் கணுக்காலைப் பூட்டியது. உள்ளே சிக்கிய செவர்னின் தோளே அவருடைய கழுத்து ரத்தக்குழாயை ஒரு பக்கம் நெரிக்க, ராய்ஸின் தொடை மறுபக்கம் நெரித்தது. 15 நிமிடம் 49 விநாடியில் செவர்ன் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினார். கட்டண ஒளிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துபோனதால் பல வீடுகளில் அந்த முடிவைப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த போட்டியில் கால வரம்பு வந்தது. போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான, ராய்ஸின் அண்ணன் ரோரியன், அதை ஏற்காமல் தம் பங்கை விற்று விலகினார்.

ஜப்பான்: நிஜத்தைத் தேடிய மல்லர்கள்

ஜப்பானில் இந்தத் தேடல் இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. டைகர் மாஸ்க் என்ற முகமூடியோடு காட்சி மல்யுத்தத்தில் புகழ்பெற்ற சடோரு சயாமா, முடிவு முன்கூட்டியே எழுதப்படும் சண்டையில் மனம் நிறையாமல் 1980களில் ஷூட்டோ என்ற நிஜச் சண்டை முறையை உருவாக்கினார். 1993 செப்டம்பரில், டென்வருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, மசகாட்சு ஃபுனாகியும் மினோரு சுசுகியும் பான்க்ரேஸ் என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே தலையில் மூடிய முட்டியால் குத்தக் கூடாது, உள்ளங்கையால் அடிக்கலாம். பிடியில் சிக்கியவர் கயிற்றைத் தொட்டால் விடுபடலாம். ஆனால் புள்ளி போகும்.

ஜப்பான் தந்த பெரிய மேடை பிரைட். 1997 அக்டோபரில் டோக்கியோ டோம் அரங்கில் தொடங்கியது. முதல் சுற்று 10 நிமிடம். ஒரு சுற்றைத் தனியாகப் பார்க்காமல் முழுச் சண்டையையும் பார்த்துத் தீர்ப்பு. மந்தமாக ஆடினால் மஞ்சள் அட்டை, கூலியில் பத்து சதவீதம் வெட்டு. அரங்கம் அமைதியாக இருக்கும். கீழே ஒருவர் இடுப்பை நகர்த்திப் பிடியிலிருந்து நழுவும் நுட்பத்துக்கு ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வியப்பொலி எழுப்புவார்கள். ரசிகர்களின் தரமும் ஒரு கலையின் தரம்தான் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

2000 மே 1 அன்று அங்கே கசுஷி சகுராபாவும் ராய்ஸ் கிரேசியும் மோதினார்கள். கிரேசி குடும்பம் கேட்ட தனி விதிகளைச் சகுராபா ஏற்றுக்கொண்டார். 15 நிமிடச் சுற்றுகள் ஆறு, மொத்தம் 90 நிமிடம். ராய்ஸின் தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறிந்தது. சகுராபா அதே இரவில் இகோர் வோவ்சான்சினை எதிர்கொண்டு மேலும் 15 நிமிடம் தாக்குப்பிடித்தார்.

அமெரிக்கா: மல்யுத்தமும் பாசறைகளும்

ஜியு-ஜிட்சுவுக்கு முதல் பதில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய மார்க் கோல்மன், 1996இல் பத்தாம் யு.எஃப்.சி.யை வென்றார். எதிரியைச் சாய்த்து மேலிருந்தபடியே அடித்து ஓய்ப்பது அவர் நிலைநாட்டிய முறை. மறு ஆண்டே கிக் பாக்ஸிங் வீரர் மாரிஸ் ஸ்மித், தரையில் பிழைத்திருக்கும் வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு வந்து கோல்மனை வென்றார். பிரேசிலின் மார்கோ ருவாஸ் அதற்கு முன்பே, 1995இல், ஆறடி எட்டங்குல பால் வாரெலன்ஸின் தொடையில் உதைத்து உதைத்தே அவரைச் சாய்த்திருந்தார். கலிபோர்னியாவில் ஷாம்ராக்கின் லயன்ஸ் டென், அயோவாவில் பாட் மிலெடிச்சின் பாசறை என, கலைகளைச் சேர்த்துக் கற்பிக்கும் கூடங்கள் எழுந்தன. மரபுகள் ஒன்றையொன்று தோற்கடித்துத் தோற்கடித்தே ஒரே கலையாக உருகின.

அளவுகோல்கள்

அந்தக் காலம் வகுத்த தரங்களில் முதலாவது, தட்டுவதில் அவமானம் இல்லை என்பது. பூட்டில் சிக்கியவர் தட்டினால் சண்டை முடிந்தது; கையும் தப்பும், நாளைய பயிற்சியும் தப்பும். இரண்டாவது, தோல்வியைப் பாடமாக்குவது. நெதர்லாந்தின் பாஸ் ருட்டன் பான்க்ரேஸில் ஷாம்ராக்கிடம் பிடியில் சிக்கித் தோற்றார். 1995இல் மீண்டும் தோற்ற பின் பிடிவித்தையில் மூழ்கினார். அதன் பிறகு அவர் தோற்கவேயில்லை.

மூன்றாவது தரம், களத்தின் மானத்தைத் தன் மானமாகக் கருதுவது. 1995 ஏப்ரலில் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் ஷூட்டோ வீரர் யூக்கி நகாய், தன்னைவிட மிகப் பெரிய கோர்டோவோடு மோதினார். விதியை மீறிய கோர்டோவின் விரல் கண்ணில் பாய்ந்தது. நகாய் விலகவில்லை, குதிகால் பூட்டால் வென்றார். அடுத்து இன்னொரு பெரிய மல்லரையும் கைப்பூட்டால் வென்று, இறுதியில் அதே கிரேசி குடும்பத்தின் ரிக்சனிடம் தோற்றார். அவருடைய வலது கண் பார்வை நிரந்தரமாகப் போயிருந்தது. இந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று நெடுநாள் அதை வெளியே சொல்லாமலே இருந்தார். பின்னர் டோக்கியோவில் பயிற்சிக்கூடம் அமைத்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார்.

நகாயின் கதையைச் சொல்லிவிட்டு, பழைய விதிகளே திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1996இல் செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவற்கட்டு என்று கண்டித்து 50 மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். பெரிய கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பை நிறுத்தின. 1997 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் நடக்கவிருந்த போட்டி, கடைசி நேரத்தில் அலபாமாவின் டோத்தன் நகருக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடிக்குள்ளேயே கலை தன்னைத் திருத்திக்கொண்டது. எடைப் பிரிவு, கையுறை, சுற்றுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. 2000ஆம் ஆண்டு நியூஜெர்சியில் பொது விதிகள் உருவாயின. 2001 ஜனவரியில் யு.எஃப்.சி. 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2007இல் பிரைடையும் அதே உரிமையாளர்கள் வாங்கினார்கள். பழைய காலம் அத்துடன் முடிந்தது.

எதை எடுத்துக்கொள்வது?

இந்தக் கட்டுரை இளையவர்களின் கைக்கும் போய்ச் சேரும். அவர்கள் அந்தப் பழைய சண்டைகளை வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். துண்டு துண்டாகப் பார்த்தால் வெறும் முரட்டுத்தனம்தான் தெரியும். ராய்ஸுக்குப் பின் கோல்மன், கோல்மனுக்குப் பின் ஸ்மித் என்று தொடர்ந்து பார்த்தால், ஒரு கலை கேள்வி கேட்டு இன்னொரு கலை விடை சொல்வது விளங்கும்.

இன்றைய கூடங்களில் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கிறார்கள். அது வசதியானதுதான். ஆனால் டாகெஸ்தானின் சாம்போவிலும் மல்யுத்தத்திலும் ஊறி வளர்ந்து, 29 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 2020இல் விடைபெற்ற கபீப் நூர்மகமெதோவ் காட்டியது வேறு வழி. ஜியு-ஜிட்சு ஒன்றையே ஆணிவேராகக் கொண்டு நாற்பது வயது தாண்டியும் முன்னணியில் நின்ற டெமியன் மாயாவும் அதே வழியில் வந்தவர். ஒரு மரபில் ஆழ வேரூன்றிய பிறகு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்பவரே நெருக்கடியில் நிலைத்து நிற்கிறார். 1990களின் முன்னோடிகள் தம் எலும்பையும் கண்ணையும் விலையாகக் கொடுத்துக் கற்றுத் தந்த பாடம் இது. ஆசான்கள் இதைத் தம் பாடத்திட்டத்தின் முதல் வரியாக வைப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.