நட்சத்திர விசைக்கு ஒரு வேலை: திங்க்பேட் டி470இல் லினக்ஸ்

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த மாதிரிச் சம்பளத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் புது லெப்டொப் வாங்குவது லேசான காரியமில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பாவித்த ஒன்றைத்தான் தேடுகிறார்கள். அப்படிக் கைமாறி வந்த திங்க்பேட் டி470 ஒன்றில் லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளம் போட்டுப் பாவித்து வருகிறேன். 2017இல் வந்த மொடல். இதிலுள்ள இன்டெல் செயலி ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வரும். ஆனால் லினக்ஸ் போட்டால் மேல்வரிசை விசைகள் செத்துவிடும் என்ற பயம் இன்னும் பலருக்கு உண்டு. அதனால் முதலில் விசைகளைத்தான் அழுத்திப் பார்த்தேன்.

ஒலி, திரை வெளிச்சம், வெளித்திரை எல்லாம் எதுவும் செய்யாமலே வேலை செய்தன. எஃப்4ஐ அழுத்தினால் மைக் அடங்குகிறது, விசையிலுள்ள சிறு விளக்கும் எரிகிறது. இணையவழி வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த விளக்கு பெரிய ஆறுதல். எஃப்என்னோடு ஸ்பேஸை அழுத்தினால் விசைகளுக்கு அடியில் வெளிச்சம் வரும். லயத்தில் தம்பி தங்கைகள் தூங்கும் அதே அறையில் இருந்து படிப்பவர்களுக்காகவே இதை முக்கியமாகச் சொல்கிறேன். எல்லா டி470இலும் இந்த வெளிச்சம் கிடையாது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், லினக்ஸ் கெர்னலுக்குள் திங்க்பேட்டுக்கென்றே ஒரு டிரைவர் நெடுங்காலமாக இருப்பதுதான். சில விசைகளை லெப்டொப்பின் உள்நிரலே கவனித்துக்கொள்கிறது. மற்றவை இந்த டிரைவர் வழியாக டெஸ்க்டொப்புக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி வந்தபின் என்ன நடக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். மலைநாட்டில் இந்தச் சுதந்திரத்துக்கு நல்ல பயன் இருக்கிறது.

எஃப்12இல் ஒரு நட்சத்திரப் படம் இருக்கும். மின்ட்டில் அதற்கு எந்த வேலையும் இல்லை. நான் அதை மின்வெட்டுக்கு ஒதுக்கினேன். பெட்டரி நீண்ட காலம் உழைக்க வேண்டுமானால் நாள் முழுக்க 100 வீதத்தில் வைத்திருக்கக் கூடாது. டி.எல்.பி. என்ற இலவச மென்பொருளில், 75 வீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் சார்ஜ் ஏறு, 80இல் நில் என்று கட்டளை போடலாம். ஆனால் இங்கே தென்மேல் பருவமழை இறங்கினால் கம்பியில் மரம் விழுவதும் மண் சரிவதும் வழக்கம். லக்சபான, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் இந்த மலைகளில்தான் மின்சாரம் எடுக்கின்றன. அப்படியிருந்தும் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டது. அந்த மாதிரி நேரத்தில் 80 வீதம் போதாது.

டி.எல்.பி.யில் முழுச் சார்ஜுக்கென்று தனிக் கட்டளை இருக்கிறது. அதை ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் நட்சத்திரத்தோடு இணைத்துவிட்டேன். மேகம் கறுத்தால் ஒரு அழுத்து, போதும். அடுத்த முறை லெப்டொப்பைத் தொடக்கும்போது பழைய 80க்கே திரும்பிவிடும். இதைச் செய்யப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டளை மின்சாரம் இருக்கும்போதுதான் வேலை செய்யும். கரண்ட் போன பிறகு அழுத்திப் பயனில்லை. டி470இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பெட்டரிகள். பெயர் குறிப்பிடாவிட்டால் கட்டளை உள் பெட்டரிக்கு மட்டுமே போகும். கடவுச்சொல் கேட்காமல் ஓட அனுமதி கொடுப்பதானால் அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் கொடுங்கள், அதை நிர்வாகியைத் தவிர வேறு யாரும் திருத்த முடியாதபடியும் வையுங்கள்.

எஃப்11இல் கீபோர்ட் படம் இருக்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற அதைவிடப் பொருத்தமான விசை ஏது? ஆனால் அது எளிதில் வசப்படவில்லை. கெர்னல் அதற்குக் கொடுத்திருக்கும் எண் 255க்கு மேலே. மின்ட் வழமையாக ஓடும் எக்ஸ்11 திரை அமைப்பு அதற்கு மேற்பட்ட எண்களைப் பார்க்காது. விசை அழுத்தப்படுவது கெர்னல் மட்டத்தில் தெரிகிறது, டெஸ்க்டொப்புக்கு மட்டும் வந்து சேர்வதில்லை. சில வரிகளில் ஒரு கோப்பு எழுதி வேறு எண்ணுக்கு மாற்றியதும் சரியானது. இப்போது ஒரே தட்டில் ரெங்கநாதன் தமிழ் விசைமுறை வருகிறது. இப்படியொரு வேலையைப் புதிதாக லினக்ஸுக்கு வரும் மாணவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. மின்ட் இதைத் தானே செய்து தந்திருக்க வேண்டும்.

விரல்ரேகை வாசிப்பான் வேலை செய்யாது. அதிகாரபூர்வ லினக்ஸ் டிரைவர் இல்லை. தன்னார்வலர் எழுதிய மாற்று ஒன்று இருந்தாலும் அதை நம்பி வாங்க வேண்டாம்.

திங்க்பேட் கிடைக்காவிட்டால்? லெனோவோ ஐடியாபேட்டில் சார்ஜை இடையில் நிறுத்தும் வசதியை லினக்ஸிலிருந்தே போடலாம், அணைக்கலாம். வீதத்தை மட்டும் நாம் தெரிவு செய்ய முடியாது. ஆசுஸ் பலவற்றில் உச்ச வரம்பைச் சொல்ல முடியும். எச்.பி. என்றால் பயோஸுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கும், சில மொடல்களில் அங்கேயும் இராது. இந்த விசை, சார்ஜ் வேலைகளுக்காகவே நான் திங்க்பேட்டை முன்னால் வைக்கிறேன்.

கடைக்குப் போகும்போது மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒன்றும் நிறுவாமலே அதிலிருந்து தொடக்கி, விசைகள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். பவர் விபரங்களில் பெட்டரியின் ஆரம்பக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் தெரியும். பின் பெட்டரி தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம், அதைத் திருகாணி கழற்றாமலே மாற்றிவிடலாம். உள் பெட்டரியும் பாதிக்குக் கீழே போயிருந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.