செக்கிங் இல்லாத சரக்கு

ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் செக்கிங் மேசையைத் தாண்டியாக வேண்டும். தையல் விட்டிருந்தால் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பும். எண்ணெய்க் கறையோ ஓட்டையோ இருந்தால் செகண்ட்ஸில் விழும். திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் நாள் முழுக்க அந்த மேசைமுன் நின்று, துணியை வெளிச்சத்தில் விரித்து, உள்ளும் புறமும் புரட்டிப் பார்க்கிற ஒரு பெண், வேலை விட்டு வேனில் ஏறியதும் செல்போனைத் திறக்கிறார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஒருவர், ஏதோ ஊரில் நடந்த அடிதடி, புடவை விற்பனை, ஒரு சிரிப்புத் துணுக்கு, மறுபடி மருத்துவம். பார்ப்பது அதே கண்தான். ஆனால் இந்தச் சரக்கைப் புரட்டிப் பார்க்க மேசை இல்லை, நேரம் இல்லை, ஒதுக்கிப் போட செகண்ட்ஸ் கூடையும் இல்லை.

இணைய வீடியோ நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு அணியும் உண்மையைத்தான் பேசும். தீர்ப்பு மட்டும் யாருக்கும் உதவாது. நான் கேட்க விரும்புவது வேறு. பார்த்ததை மறுநாள் நம் கையாலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? சோதனை தவறினால் எது போகும்? திருப்பூர் வட்டாரத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்லும் நிகழ்வுகள் வேண்டிய அளவு நடந்திருக்கின்றன.

முதலில் நல்ல பக்கம். நான்கு நூல் ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோப்பது புதியவருக்குப் பெரும்பாடு. இரண்டு லூப்பர், இரண்டு ஊசி. லூப்பர்களுக்கு முதலில் கோத்துவிட்டு ஊசிகளுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் இதைக் கற்றுத்தர மெக்கானிக்கோ பழைய டெய்லரோ மனம் வைக்க வேண்டும். கைமடிக்கும் உதவியாளாக வந்த பையன் டெய்லர் ஆவதற்கு மாதக்கணக்கில் பிறர் முகம் பார்த்து நின்ற காலம் உண்டு. பெண்களுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். இன்று அதே வேலையைக் காட்டும் வீடியோக்கள் தமிழிலும் இந்தியிலும் கிடைக்கின்றன. பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர், லைனில் யாரிடமும் திட்டு வாங்காமல், நிறுத்தி நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முக்கியமான வசதி இதுதான்: அது பொய் என்றால் காலையில் தெரிந்துவிடும். பெடலை மிதித்ததும் நூல் அறுந்தால் வீடியோ தப்பு, அல்லது நாம் பார்த்தது தப்பு. நட்டம் ஒரு கட்டிங் துண்டு.

இந்த நல்ல பக்கத்துக்கும் எல்லை உண்டு. சிங்கிள் ஜெர்சி துணியின் ஓரம் சுருண்டுகொள்வதைத் திரை காட்டும். எவ்வளவு இழுத்தால் தையல் அலை அலையாக வரும் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். துணியின் கனத்தையும் இழுவையையும் எந்தத் திரையும் இதுவரை கடத்தியதில்லை. இதே முதலிபாளையத்தில் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாக்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. பின்னலாடைப் படிப்புக்கென்று தனியாக ஒரு கல்லூரி தேவைப்படுவதற்கான காரணங்களில் இந்த விரல் விஷயமும் ஒன்று. வீடியோ வாசல்வரை கூட்டிவரும். அதற்கே நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்த வாசலைப் பல தலைமுறைகள் எட்டாமலே இருந்திருக்கின்றன.

இப்போது அடுத்த பக்கம். 2018 ஜூலையில் இதே திருப்பூரில் ஓர் இளம்பெண் வீட்டுப் பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறந்தார். மருத்துவமனை வேண்டாம் என்று முடிவெடுத்த அந்தக் குடும்பம் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துப் பிரசவம் பார்த்ததாக அன்றைய செய்திகள் கூறின. குழந்தை பிழைத்தது. கணவர் கைதானார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவரைப் போலீஸ் கைது செய்தது.

படிப்பறிவில்லாதவர்கள் ஏமாந்தார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. வீட்டுப் பிரசவ வீடியோக்களின் அமைப்பிலேயே ஒரு சூது இருக்கிறது: வெற்றியாக முடிந்த பிரசவம் மட்டுமே வீடியோவாகிறது. ரத்தம் நிற்காமல் போன இரவை யாரும் பதிவேற்றுவதில்லை. பத்து வீடியோ பார்த்தவருக்குப் பத்தும் சுகப்பிரசவம். அவர் போட்ட கணக்கில் ஆபத்துக்கு இடமே இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு சில மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோகக்கூடியது என்பதை மருத்துவக் கல்லூரியின் பாடநூல் சொல்லும். குழந்தையை ஏந்தி நிற்கும் தாயின் மலர்ந்த முகம் சொல்லாது. ஓவர்லாக் வீடியோவும் பிரசவ வீடியோவும் ஒரே திரையில், ஒரே அளவில், ஒரே நம்பிக்கைத் தொனியில் வருகின்றன. ஒன்று தவறினால் துணி போகும், இன்னொன்று தவறினால் ஆள் போகும் என்று அந்தத் திரையில் எங்கும் எழுதியிருக்காது.

மூன்றாவது நிகழ்வு 2023 மார்ச். தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, அவையெல்லாம் பொய் என்று காணொளியிலேயே மறுத்தார். பரவியவற்றில் ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களின் இரு தரப்புக்கு இடையே நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையிலான சண்டை. காட்சி மெய், அதற்கு மேல் ஒட்டப்பட்ட சொற்கள் பொய். பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைச் சந்தித்தார்கள். வீடியோ பரப்பியதாக வழக்குக்கு உள்ளான யூடியூபர் மணீஷ் காஷ்யப் அந்த மாதமே பிகாரில் சரணடைந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவலை நீக்கியது. ஒரு வதந்திக்கு அந்தச் சட்டம் தேவைதானா என்ற கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அந்த வாரத்தில் பயம் எந்த வழியாகப் பயணித்தது என்பதுதான் எனக்கு முக்கியம். முதலிபாளையத்திலோ நல்லூரிலோ அறை எடுத்துத் தங்கியிருந்தவருக்குத் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை என்பது கண்ணால் தெரியும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அம்மாவுக்குத் தெரியாது. அம்மா வீடியோவைப் பார்த்து அழுதபடி போன் செய்கிறாள். நேரில் பார்த்த மகன் தன் கண்ணைவிட அம்மாவின் அழுகைக்குக் கட்டுப்படுகிறான். மார்ச் 8 ஹோலி. ரயிலில் ஏறியவர்களில் பண்டிகைக்குப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று பிரிக்க முடியாத நிலை. கம்பெனிக்காரர்கள் பண்டிகை என்றார்கள். வட இந்தியத் தொலைக்காட்சிகளில் வேறு கதை ஓடியது. தவிர, அதே செல்போனில் வீடியோ கால் இருந்ததால்தான் பல வீடுகளில் பயம் தணிந்தது. மகன் தெருவைக் காட்டினான், டீக்கடையைக் காட்டினான், பக்கத்து அறைத் தமிழனை ‘நமஸ்தே’ சொல்ல வைத்தான். பொய் கணக்கற்றோருக்கு ஒரே நேரத்தில் போனது. உண்மை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போக வேண்டியிருந்தது.

பொய் ஏன் முந்துகிறது? மனித இயல்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நிறுவனங்களுக்கு வசதியான பதில். யூடியூப் 2012இல் தன் பரிந்துரைக் கணக்கை மாற்றியது: எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம். அந்நிறுவனத்தின் நீல் மோகன் 2018 ஜனவரியில் சொன்ன கணக்குப்படி, மக்கள் அங்கே செலவிட்ட நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் அதன் பரிந்துரைகள் வழியாக வந்தது. தேடிப் போய்ப் பார்ப்பதைவிடத் தேடி வந்து பார்க்க வைப்பதே பெரும்பகுதி. நூல் கோப்பதைத் தேடியவர் கேள்வியோடு போகிறார், விடை கிடைத்ததும் வெளியே வருகிறார். வேனில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டிருப்பவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே அவருக்குப் போதும் என்ற இடமும் வருவதில்லை.

ஆனால் அவரைக் குற்றம் சொல்லிப் பத்தி எழுதும் கூட்டத்தில் சேர எனக்கு மனமில்லை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது ஊரறிந்த கணக்கு: காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. அதில் கை ஒட்டுபவர் கை மட்டும் ஒட்டுவார், கழுத்து ஏற்றுபவர் கழுத்து மட்டும் ஏற்றுவார். ஒரு பீஸுக்குச் சில நொடிகள். அதே அசைவு, நூற்றுக்கணக்கான முறை. லைனில் செல்போனை அனுமதிக்காத கம்பெனிகள் பல. இப்படி ஒரு நாளை முடித்து வந்தவருக்கு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை முகமும் ஊரும் பாட்டும் மாறுகிற ஒன்று கிடைத்தால் அதைப் போதை என்று மட்டும் சொல்வது அநியாயம். இரண்டரை மணி நேரப் படம் பார்க்க அவருக்கு வார நாளில் வழியே இல்லை. நீண்ட வேலை நேரமே இந்தக் குறும்வீடியோக்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறது. கெடுதல் தூக்கத்தில் விடிகிறது. பத்தரைக்குப் படுக்க வேண்டியவர் பன்னிரண்டரைக்குப் படுத்து, மறுநாள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்தும் ஊசியின் முன்னால் விரலை நீட்டுகிறார். ரீல்ஸைக் கண்டிக்கும் முதலாளிகள், ஒன்றரை ஷிப்டையும் சேர்த்தே பேசினால் கேட்க நன்றாக இருக்கும்.

சந்தோஷத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். சினிமாவில் கொங்குப் பேச்சு பெரும்பாலும் நக்கலுக்கோ அப்பாவிக்கோ ஒதுக்கப்பட்டது. கோவை சரளாவும் மணிவண்ணனும் அதைத் தூக்கி நிறுத்தியது தனித் திறமை. கோவையிலிருந்து வரும் நக்கலைட்ஸ் போன்ற குழுக்களின் வீடியோக்களில் அம்மாவும் மகனும் சும்மா சோறு தின்றுகொண்டே ‘ஏனுங்க’, ‘வாங்கோ’ என்று பேசிக்கொள்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது; தாத்தாவும் பேரன்களும் அண்டாவில் சமைத்தே அதைச் சாதித்தார்கள். எந்தத் தொலைக்காட்சி அதிகாரியின் மேசையிலும் இந்த யோசனை தேறியிருக்காது. வடிகட்டும் மேசை இல்லாததால் வந்த நன்மை இது. என் செக்கிங் வாதத்துக்கு இது இடறல்தான், மறுக்கவில்லை. ரசித்துச் சிரிப்பதற்குச் சோதனை தேவையில்லை. உடம்பிலும் ஊரிலும் கை வைக்கும் சரக்குக்குத்தான் தேவை.

தடை செய்துவிடலாமே என்பார்கள். செய்து பார்த்தாயிற்று. 2019 ஏப்ரல் 3ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. 24ஆம் தேதி நீக்கியது. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை முடக்கியது. பத்தே நாளில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். கடை மாறியது, பழக்கம் மாறவில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்திருக்கிறது, யூடியூபும் அதில் உண்டு. அந்தச் சட்டம் இங்கே வந்தாலும் இருபத்தைந்து வயது டெய்லரைத் தொடாது. குழந்தைகளையாவது காக்குமா என்றால், கணக்கு இல்லாமல் அம்மாவின் போனில் பார்க்கும் குழந்தைகள் இங்கே ஏராளம்.

குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாடு ஒரு பெரிய சோதனையை, வேறு வழியில்லாமல், நடத்தி முடித்துவிட்டது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது பாடம் நடத்தியது. அதன் வீடியோக்கள் இணையத்திலும் கிடைத்தன. ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் 2021 அக்டோபரில் அரசே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. வீடியோ பாடம் சொன்னது. புரிந்ததா என்று கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது: 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பவர்டேபிள் எனும் தையல் மெஷின்கள் வைத்திருக்கும் வீட்டில், ஒரு பக்கம் மெஷின் ஓட, மறுபக்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டும் அம்மாவுக்கு இந்த வரியைப் படித்துக்காட்டுவது சுலபம். தொழிற்சாலைகள் சட்டம், 1948, தன் 48ஆம் பிரிவில், 30க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. எட்டுப் பேர் உட்காரும் பவர்டேபிள் அந்தக் கணக்கில் வராது. ஆறு வயது தாண்டிய பிள்ளைகள் எந்தக் கம்பெனியிலும் அந்தக் கணக்கில் வரவில்லை. பள்ளி நாலு மணி சுமாருக்கு விடுகிறது, ஒன்றரை ஷிப்ட் எட்டரைக்கு முடிகிறது. இடையிலுள்ள நாலரை மணி நேரம் ஒரு பிள்ளை எங்கே, யாரோடு இருக்க வேண்டும் என்பதைச் சட்டமும் சொல்லவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. லைன் வீட்டில் அந்த நேரத்துக்குப் பொறுப்பேற்றிருப்பது, பழைய போன் ஒன்றும், மாதக் கட்டணம் கட்டிய நெட் பேக்கும்.