துறையை மாற்றுவது எப்படி? கார்ல் வீமனின் புத்தகமும் என் சண்டையும்

பல்கலைக்கழகக் கற்பித்தலில் புதுமை பற்றி வரும் புத்தகங்களில் முக்கால்வாசி ஒரே கதையைத்தான் சொல்லும். ஓர் ஆசிரியர், தூங்கி வழியும் ஒரு வகுப்பு, ஒரு புது உத்தி, கடைசியில் மாணவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். படித்தவுடன் நமக்கும் ஓர் உற்சாகம் வரும். இரண்டு வாரத்தில் வடிஞ்சும் போயிடும். கார்ல் வீமன் 2017இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் மூலம் வெளியிட்ட 'இம்ப்ரூவிங் ஹௌ யுனிவர்சிட்டீஸ் டீச் சயின்ஸ்' அந்த வரிசையில் சேராது. நல்ல ஆசிரியர் எப்படி இருக்கணும்ங்கிற கேள்வியில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இதில் அக்கறையே இல்லாத பேராசிரியர்களும் சேர்ந்த ஒரு முழுத் துறையை மாற்ற முடியுமா, முடியும்னா எவ்வளவு செலவாகும், யார் அந்த வேலையைச் செய்வது? இதுதான் அவர் கேள்வி. நடை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போல வறண்டுதான் இருக்கு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் படித்ததில் நேர்மையான புத்தகம் இதுதான்.

வீமன் கல்வியியல்காரர் இல்லை. போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருளை ஆய்வகத்தில் உண்டாக்கியதற்காக எரிக் கார்னெல், வொல்ஃப்காங் கெட்டர்லே ஆகியோரோடு 2001இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். இயற்பியல் ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்த 'ஃபெட்' கணினிப் பாவிப்புகளும் அவர் தொடங்கியவைதான். 2006இல் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அறிவியல் கல்விக்கான ஒரு திட்டத்தை ஆரம்பித்தார். கொலராடோவில் சுமார் 50 லட்சம் டாலர், கனடாவில் அதைப்போல இரண்டு மடங்கு. அந்தப் பணத்தைத் தனி ஆசிரியர்களுக்குப் பிரித்துத் தரவில்லை. துறைகளைப் போட்டி போட்டு விண்ணப்பிக்கச் சொன்னார்.

திட்டத்துக்குள் போவதற்கு முன்னாடி அதற்கு ஆதாரமான ஒரு பரிசோதனையைச் சொல்லியாகணும். 2011இல் 'சயின்ஸ்' இதழில் லூயி டெலாரியே, எல்லன் ஷெலூ, வீமன் மூவரும் எழுதிய கட்டுரை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதலாண்டு இயற்பியலுக்கு இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 270 பேர். 11 வாரம் இரண்டுக்கும் வழக்கமான லெக்சர். 12ஆம் வாரம் மின்காந்த அலைகள். ஒரு பிரிவுக்கு, மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலிப் பேராசிரியரே தொடர்ந்தார். இன்னொரு பிரிவை டெலாரியேயும் ஷெலூவும் எடுத்தார்கள். ஒருவர் போஸ்ட்டாக், ஒருவர் ஆய்வு மாணவி, இருவருக்கும் பெரிய கற்பித்தல் அனுபவம் கிடையாது. வகுப்புக்கு முன்னால் சில பக்கங்கள் படித்து வரணும். வகுப்பில் ஒரு சிக்கலான கேள்வி, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், கிளிக்கரில் பதில், பிறகு ஆசிரியரின் விளக்கம். மூன்று மணி நேரம் இதுதான் நடந்தது. அடுத்து வைத்த 12 கேள்வித் தேர்வில் லெக்சர் பிரிவின் சராசரி 41 சதவீதம், இந்தப் பிரிவுக்கு 74. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே 23 வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெரிசு.

இதற்கு அப்போதே எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்புதான். ஒரு வாரம் எந்தப் புது விஷயமும் சுவாரசியமாத்தான் இருக்கும். பாடம் எடுத்தவர்களே கட்டுரை ஆசிரியர்கள். இந்த ஒரு கட்டுரையை மட்டும் வைத்து நான் எதையும் நம்ப மாட்டேன். ஆனால் 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. லெக்சர் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8. நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். முறை வேலை செய்கிறதா என்ற கேள்வி எனக்கு அதோடு முடிந்தது. வேலை செய்வது தெரிந்தும் ஏன் பரவவில்லை என்பதுதான் மிச்சம். வீமன் புத்தகம் தொடங்குவதும் அங்கேதான்.

அவர் கண்டுபிடித்த முக்கியமான ஆயுதம் டெக்னாலஜி இல்லை, ஆட்கள். அந்தந்தப் பாடத்திலேயே முனைவர் பட்டம் வாங்கிய இளைஞர்களைக் கற்பித்தல் ஃபெல்லோக்களாக எடுத்து, கற்றல் ஆராய்ச்சியில் பயிற்சி கொடுத்து, துறைக்குள்ளேயே உட்கார வைத்தார். நிலவியல் பேராசிரியருக்கு உதவ நிலவியல் படித்தவர். வெளியிலிருந்து வந்த கல்வி ஆலோசகர் இல்லை, பக்கத்து அறைக்காரர். இந்த மாணவர்கள் என்ன கற்கணும், இப்ப என்ன கற்கிறாங்க, எது செய்தால் கூடுதலாகக் கற்பாங்க என்று மூன்று கேள்விகள். இதை வைத்து ஒரு பருவம் முழுக்க இருவரும் சேர்ந்து ஒரு பாடத்தைப் பிரித்து மேய்வார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் புவி, கடல், வளிமண்டல அறிவியல் துறை இப்படித்தான் பெருமளவு மாறியது. சில துறைகள் பணத்தை வாங்கிக்கொண்டு அசையவே இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறார். துறைத்தலைவர் மனசு வைக்காத இடத்தில் எதுவும் நடக்கல என்கிறார். இது நமக்கும் தெரிந்த கதைதானே.

இனி என் சண்டை.

ஆராய்ச்சிக்கு மட்டும் பரிசு கொடுக்கும் அமைப்புதான் மிகப் பெரிய தடை என்று வீமனே சொல்கிறார். ஆனால் அவர் திட்டம் அந்த அமைப்பைத் தொடவில்லை. பணத்தால் சுற்றிக்கொண்டு போனது. பேராசிரியருக்குப் பாடச்சுமை குறைப்பு, உதவியாளர் சம்பளம், கூடவே ஒரு ஃபெல்லோ. அதாவது நேரத்தை விலைக்கு வாங்கினார்கள். முறையை மாற்றியவர்களில் மிகச் சிலரே பழைய லெக்சருக்குத் திரும்பினார்கள் என்று பின்னாளில் அவர்கள் காட்டியிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் அந்த மாற்றத்தைத் தோள்மேல் சுமந்தது யார்? நிரந்தரப் பதவி இல்லாத ஃபெல்லோக்கள். புத்தகம் அவர்களை வினையூக்கிகளாகவே பார்க்கிறது. அவர்களுடைய குரல் போதுமான அளவு கேட்கவில்லை. ஒரு துறையின் நிரந்தர வேலையைத் தற்காலிக ஆளிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்வதில் எனக்கு ஏதோ இடிக்குது.

இன்னொன்று அளவீடு. வீமனும் சாரா கில்பர்ட்டும் 2014இல் கற்பித்தல் நடைமுறைகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஆசிரியர் பத்து நிமிடத்தில் நிரப்பலாம், என்னென்ன செய்கிறார் என்பதற்கு மதிப்பெண் வரும். மாணவர் கருத்துப் படிவத்தைவிட இது மேல் என்பது அவர் வாதம், சரியான வாதம்தான். 2019இல் டெலாரியே குழு ஹார்வர்டில் செய்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. விவாத வகுப்பில் இருந்த மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தெளிவான லெக்சர் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். நாமே மோதிக் கற்கும்போது தடுமாற்றம்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படியானால் மாணவர் கருத்தை வைத்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஓர் இடத்தில், புது முறையை முயலும் இளம் ஆசிரியர் தன் வேலையையே பணயம் வைக்கிறார். நோபல் வாங்கியவருக்கு இந்தப் பயம் கிடையாது.

ஆனால் பட்டியல் ஒரு நிர்வாகத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும்? அதற்கு நாம் கனடா வரை போக வேண்டாம். நம் ஊர்க் கல்லூரிகள் 'நாக்' குழுவுக்குக் கொடுக்கும் தன்னாய்வு அறிக்கையில், அனுபவக் கற்றல், பங்கேற்புக் கற்றல் போன்ற மாணவர் மையமுறைகளைப் பற்றிக் கேள்வி இருக்கு. நல்ல கேள்வி. ஆனால் ஒரு கல்லூரியில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, மாணவர்களைப் பேசுவது போல உட்கார வைத்து, போட்டோ எடுத்து, மறுபடி வரிசையாகப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஃபைலில் அது பங்கேற்புக் கற்றல். வீமனின் பட்டியலும் பதவி உயர்வோடு கட்டப்பட்டால் இந்த வட்டப் பெஞ்சு அங்கேயும் வரும். பட்டியலோடு யாராவது வகுப்பில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். அதற்கான கவனிப்பு முறை ஒன்றையும் அவர் குழு 2013இல் உருவாக்கியிருக்கிறது. அதற்கு மறுபடியும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

புத்தகம் அறிவியலோடு நின்றுவிடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், தலைப்பிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒரே சரியான விடை இல்லாத பாடத்தில் இது செல்லுமா என்ற கேள்வி எனக்கு உண்டு. தமிழ் இலக்கிய வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்ஸ் சொல்லி எழுத வைப்பது இன்னும் பல இடங்களில் பாடம் நடத்தும் முறையாகவே இருக்கு. ஒரு சங்கப் பாடலின் திணையைக் கேட்டால் மாணவர் அடிக்குறிப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவார், அதில் விவாதம் எதுவும் பிறக்காது. அடிக்குறிப்பையும் கூற்றையும் நீக்கிவிட்டு, இதைப் பேசுவது தலைவியா தோழியா, எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து மாணவரோடு சண்டை வரும். இரண்டு உரையாசிரியர்கள் மாறுபடும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, உரை எதற்கு எழுதினார்கள் என்பதே அப்போதுதான் புரியும். கிளிக்கர் வேண்டாம், கை தூக்கினால் போதும். அப்படி ஒரு கேள்வியைத் தயாரிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆச்சு. ஒரு பருவத்துக்கு அறுபது வகுப்பு என்று வைத்தால் அறுபது மாலை. வீமனின் ஒன்றரைக் கோடி டாலர் எதற்குப் போச்சுன்னு அந்தக் கணக்கைப் போட்டப்பதான் எனக்கு விளங்கியது.